ஒரு மட்டை நீளம்

வந்திருந்தவர்கள்: மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அண்ணன், பல் டாக்டர், நான்.

மறுநாள் கல்யாணம். பெண் என் தங்கை.

மாப்பிள்ளையும் பல் டாக்டரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர்கள் மேலே படித்தார்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறேன். அன்று காலையும் வேலை முடிந்து, சீருடைச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு நேரே கோல்ஃப் மைதானத்துக்கு வந்திருந்தேன்.

மட்டை இரவல். கோபம் சொந்தம்.

"வாடா ஆந்தை," என்றான் மாப்பிள்ளை. "பந்து வெள்ளையா இருக்கும். பார்த்து அடி."

பல் டாக்டர் சிரித்தான். மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அவன் சிரிப்பான்.

அவர்கள் இருவரும் ஒரு கட்சி. அண்ணனும் நானும் எதிர்க்கட்சி. எனக்கு ஆட்டம் சுமாராகத்தான் வரும். மாப்பிள்ளைக்கு அதைவிடச் சுமார். ஆனாலும் அவன் தோற்று யாரும் பார்த்ததில்லை.

அதற்குக் காரணம் ஒரு வழக்கம். பந்து குழிக்கு ஒரு மட்டை நீளத்துக்குள் வந்து நின்றுவிட்டால் எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லலாம். உள்ளே போட்டதாகவே கணக்கு. நண்பர்களுக்குள் அது ஒரு மரியாதை.

மாப்பிள்ளையின் பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே அண்ணன் "எடுத்துக்கோடா" என்றார். எங்கள் கட்சி அண்ணன். ஒரு மட்டை நீளம் இரண்டாகி, பிறகு மூன்றானது. அண்ணன் நன்றாக ஆடுபவர். ஆனால் தன் பந்து குழியில் விழும்போதெல்லாம் தம்பியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புல்லைப் பார்த்தாலே எரிந்தது. எங்கள் தெருக் குழாயில் வராத தண்ணீரெல்லாம் அங்கே பச்சையாகக் கிடந்தது. பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர் அப்படித்தான் நினைத்தான்.

கடைசிக் குழிக்கு வந்தபோது அண்ணன் புண்ணியத்தில் நாங்கள் ஓர் அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தோம். மாப்பிள்ளையின் பந்து குழிக்கு ஒரு மட்டை நீளத்தில் நின்றது. இந்த முறை நியாயமாகவே ஒரு மட்டை நீளம். விழுந்தால் சமன். விழாவிட்டால் அவன் தோற்றான்.

அண்ணன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"போடு."

பந்தை எடுக்கக் குனிந்த மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது.

"கல்யாண மாப்பிள்ளைடா. விட்டுக்குடேன்," என்றான் பல் டாக்டர்.

"நாளைக்கு வீட்டுப் பொண்ணையே குடுக்கிறோம். இன்னிக்கு இதையாவது போட்டு எடுக்கட்டும்."

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். "வேணாம்ப்பா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவர் கை ஈரமாக இருந்தது.

மாப்பிள்ளை தட்டினான். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்து நின்றது.

பிறகு மாப்பிள்ளை சிரித்தான். வாய் நிறையச் சிரித்தான். வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். பல் டாக்டருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அப்படியே நில்லுங்கடா," என்று செல்போனில் படம் எடுத்தான்.

அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். என் பிடரியில் இருக்கும் அவன் கை அதில் தெரியாது. நான்கு நகங்களும் இறங்கியிருந்தன.

"பரவால்ல ஆந்தை," என்றான் காதோரம், சிரிப்புக் கலையாமல். "நாளைலேருந்து அவ எங்கிட்டதானே இருக்கப்போறா. இத அவகிட்ட தீர்த்துக்கிறேன்."

அண்ணன் குழியில் நட்டிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மட்டை என் கையில்தான் இருந்தது. அதைப் பையில் திரும்ப வைத்தேன். கிடங்கில் எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறேன். எதுவும் அந்த மட்டை அளவுக்குக் கனத்ததில்லை.

நான் திரும்பி வந்தபோது எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அப்பா வாடகை நாற்காலிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "யாருப்பா ஜெயிச்சது?" என்று ஒரு மாமா கேட்டார். சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போனேன்.

தங்கை பின்கதவருகே நின்றிருந்தாள்.

"தோத்தாரா?"

"தோத்தான்."

முந்தின நாள் அவள் இதே இடத்தில் நின்றுதான் என்னிடம் கேட்டிருந்தாள். அதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கல்யாணம் நெருங்கினால் எல்லாப் பெண்ணுக்கும் வருகிற பயம்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அவர செஸ்ல ஒரு தடவ ஜெயிச்சேண்ணா. அதுலேருந்து தோத்துக்கிட்டே இருக்கேன். நீ அவரத் தோக்கவச்சுப் பாரு. சிரிச்சுட்டுப் போனார்னா நான் வாய மூடிக்கிட்டுக் கட்டிக்கிறேன்."

என்ன நடந்தது என்று இப்போது அவள் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து என் சட்டைக் காலரை இறக்கிப் பார்த்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அழவில்லை. கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சந்தில் அவளுடைய தோழியின் கார் நின்றது.

"அப்பா உன்னத்தான் பிடிப்பாருண்ணா."

"பிடிக்கட்டும். நான் முழிச்சிருந்து பழகினவன்தானே. போ."

போனாள்.

கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு பின்கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன்.