முந்நூற்றைம்பதுக்கு முன்னால் ஒரு புள்ளி

உலகெங்கும் பரந்து வாழும் தமிழினத்துக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: கனடாவின் மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், ஊர்ச்சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர் பதவிக்கு நிற்கும் விநாயகமூர்த்தி பேஸ்போல் பற்றி உரையாற்றுகிறார். தொலைக்காட்சியில் இந்த சீசனின் முன்னணித் துடுப்பாளர்களின் பட்டியல் ஒளிர்கிறது. முதல் வரியில் ஊன்றிய அவருடைய விரலிலிருந்து, தின்ற றோல்ஸ் பலகாரத்தின் எண்ணெய் திரைக் கண்ணாடியில் வட்டமாகப் படிகிறது. "பாருங்கோ, முதலாமாளின்ரை சராசரி முந்நூற்றைம்பது! கிரிக்கெட்டிலை ஆரும் கனவெண்டாலும் கண்டிருப்பினமோ? நான் செயலாளரா வந்தால் எங்கடை பெடியளும் இப்பிடித்தான் அடிப்பாங்கள்." கதிரைகளில் தலைகள் ஆடுகின்றன. உயரத்துச் சின்ன யன்னலால் வரும் வெயில் அவருடைய கழுத்துப்பட்டியில் விழ, நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்கிறது. "அங்கிள், விரலை எடுங்கோ," என்கிறாள் இங்கேயே படித்து வளர்ந்த கஜனி. "அதுக்குக் கீழை ஒரு டொட் இருக்கு, தசமப் புள்ளி. இருபது தரம் நிண்டால் ஏழு தரம்தான் ஹிட்."

"மிச்சம் பதின்மூண்டு தரமும்?"

"அவுட், அங்கிள்."

விரல் மெல்ல விலகுகிறது. எண்ணெய் வட்டத்துக்குள் புள்ளி மினுங்குகிறது. தேநீர்த் தட்டோடு படியில் நிற்கும் அவருடைய மனைவி புனிதவதி கேட்கிறாள்: "அரைவாசிக்கு மேலை பிழைவிட்டவர்தான் முதலாமாளோ? அப்ப இஞ்சை ஒரு வேலையிலும் நிலைக்காத இவரின்ரை பேரையும் உதிலை போடச் சொல்லுங்கோ." சிரிப்பு தாழ்ந்த கூரையில் முட்டித் திரும்புகிறது. அவரும் சிரித்துப் பார்க்கிறார்; வாய் மட்டும்தான் ஒத்துழைக்கிறது. ஆதரிப்பவர்களைக் கையுயர்த்தும்படி சங்கத் தலைவர் கேட்கிறார்; அரைவாசிக் கைகள்கூட உயரவில்லை. பதவிக்கு நிற்பவர் விநாயகமூர்த்தி ஒருவர்தான். அவர் தோற்கிறார்.