திருந்திய ஃபேன்

ஒரு கம்ப்யூட்டரில் படங்களைத் திரைக்குத் தரும் கிராஃபிக்ஸ் கார்டில் சிப்பும் ஃபேனும் குடியிருந்தன. கேம் ஓட ஆரம்பித்தால் சிப் கொதிக்கும்; ஃபேன் அலறிக்கொண்டு சுற்றும்.

"உன் சத்தத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் என்ன?" என்றது சிப்.

"சுற்றலாம். நீ வெந்துபோவாய், பரவாயில்லையா?" என்றது ஃபேன்.

கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் இளம்பரிதிக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. முதலில் ஃபேனின் வேகத்தைக் குறைத்தார். சிப் சூடேறி, கேம் பாதியில் நின்றுபோனது. ஃபேனைப் பழையபடி விட்டுவிட்டு, சிப்புக்குப் போகும் வோல்டேஜைச் சற்றுக் குறைத்தார். சூடு தணிந்தது. கேம் கடைசிவரை ஓடியது. ஃபேன் தானாகவே மெல்லச் சுற்றியது.

"ஒருவழியாக உன்னைத் திருத்திவிட்டார்" என்றது சிப்.

ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்திருந்தது.