முதல் புகார்

"மனித குலத்துக்கு இன்னைக்கு என்னால ஒரு தடங்கல் ஏற்பட்டிருக்கு!" என்று அறிவித்தபடி அறையை விட்டு வெளியே வந்தார் குடும்பத் தலைவர். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"இன்னைக்கு மட்டுமா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

மகள் தன் புத்தகங்களை மார்போடு அடுக்கிப் பிடித்துக்கொண்டு, குடிபெயரத் தயாராக வாசற்படியில் நின்றாள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றில் தலைவரும் அவருடைய கம்ப்யூட்டர்களும் ஒயர்களும் வாசம். லினக்ஸ் என்ற இலவச கம்ப்யூட்டர் அமைப்பில் ஓடும்படி அவர் ஒரு புரோகிராம் எழுதி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண் சிமிட்ட மறந்தால், கேமரா வழியாகக் கவனித்து, 'கண் சிமிட்டுங்கள்' என்று திரையில் ஞாபகப்படுத்தும். இந்த மகத்தான சேவையை உலகத்தில் ஒரே ஒரு ஆளாவது உபயோகிக்கிறார் என்று சனிக்கிழமைக்குள் காட்டினால் அறை அவருக்கு. இல்லையென்றால் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு. இது மனைவியின் தீர்ப்பு. இன்று சனிக்கிழமை.

"மெயில் வந்திருக்கு. புகார்! கேளு. 'புரோகிராம் திறக்கவில்லை. லைப்ரரி ஃபைல் காணவில்லை.' அனுப்பினது, பயனாளர் ஒன்று."

"பேரே கிடையாதா அந்த ஆளுக்கு?"

"பெரிய மனுஷங்க அப்படித்தான். பேரை வெளியில விட மாட்டாங்க."

"ஒரு வணக்கம்கூடக் காணோமே."

"அவசரம் பாவம். கண்ணு எரியுதோ என்னமோ."

மகளுக்குப் புத்தகம் கனத்தது. "லைப்ரரி காணோம்னா என்னப்பா?"

இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று வருஷக்கணக்கில் ஏங்கியவர் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "லினக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமும் எல்லாத்தையும் தானே சுமந்துக்கிட்டு அலையாது கண்ணு. பொதுவா லைப்ரரின்னு சில ஃபைல்களை வெச்சுக்கிட்டு எல்லாம் பங்கு போட்டுக்கும். நம்ம அடுக்குமாடிக்கெல்லாம் ஒரே தண்ணி மோட்டார் இல்லையா, அது மாதிரி. கேமராவைக் கவனிக்கிற லைப்ரரி என் கம்ப்யூட்டர்ல முன்னாடியே இருக்கு. எனக்கு ஜோரா ஓடுது. அவர்கிட்ட இல்லை."

"அது வேணும்னு நீங்க முன்னாடியே சொல்லணும்லப்பா?"

"நேத்து விட்ட வெர்ஷன்லதான் அந்த லைப்ரரிக்கு மாறினேன். புரோகிராமைக் கட்டி அனுப்புற பேக்கேஜுக்குள்ள 'இதுவும் வேணும்'னு ஒரு வரி போட்டா, அந்த லைப்ரரியும் கூடவே வந்துடும். அது வந்து... கொஞ்சம் விட்டுப்போச்சு."

"மோட்டாரே இல்லாத வீட்டுல குழாயை மட்டும் மாட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

தலைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'மதிப்பிற்குரிய பயனாளர் ஒன்று அவர்களுக்கு' என்று தொடங்கி, தன் புரோகிராம் பிறந்த கதை, வளர்ந்த கதை, மன்னிப்பு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். பதில் இல்லை. பிறகு அந்த ஒரு வரியைச் சேர்த்து, புது பேக்கேஜை வெளியிட்டார். நாற்காலியில் சாய்வதற்குள் மெயில்.

"போட்ட கையோட எடுத்துட்டார் பாரு! என்ன ஆவல்! என்ன ஆவல்!"

பிரித்தார். 'புரோகிராம் திறக்கவில்லை. லைப்ரரி ஃபைல் காணவில்லை.'

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஒரு எழுத்துகூட மாறலை. அவ்வளவு நீளம் மன்னிப்பு கேட்டும் மசியலையே! எங்க பெரியண்ணன் ஜாதியா இருக்கும் போல."

கையில் கிடைத்த ஒரே பயனாளரும் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? தலைவர் மறுபடி அந்த வரியைப் பார்த்தார். ஐந்தாம் பதிப்பு லைப்ரரியைக் கேட்க வேண்டிய இடத்தில் நாலாம் பதிப்பைக் கேட்டிருந்தார். எதையும் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருப்பதாக அவர் கணக்கு. நாலை ஐந்தாக்கி வெளியிட்டுவிட்டு, திரையையே பார்த்தார்.

'நிறுவப்பட்டது. இயங்குகிறது.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இயங்குகிறதாம்" என்றார். "முகம் தெரியாத யாரோ ஒருத்தர், எங்கேயோ ஒரு மூலையில, இப்போ நிம்மதியா கண் சிமிட்டிக்கிட்டிருக்கார்."

மனைவிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரிங்க, ஒத்துக்கிறேன். ஆள் இருக்கார். அறையை நீங்களே வெச்சுக்கோங்க."

மகள் முகம் தொங்கிப்போனது. ஜெயித்தவருக்குத் தாராளம் பொங்கியது. "கூடத்துல உட்கார்ந்து படி கண்ணு. புத்தகத்தை வேணும்னா என் அலமாரி மேல அடுக்கிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேலே இருந்த அட்டைப்பெட்டிகளை ஒதுக்கினாள்.

"ப்பா, இங்க பின்னாடி ஒரு பழைய லேப்டாப் ஓடிக்கிட்டிருக்கு. தொட்டா சுடுது."

"லேப்டாப்பா?"

"ஆமா. சுவரைப் பார்த்து, 'கண் சிமிட்டுங்கள்'னு சொல்லிக்கிட்டிருக்கு."

புது பேக்கேஜ் வந்தால் தானே எடுத்து நிறுவிப் பார்த்து, தகராறு வந்தாலும் தீர்ந்தாலும் மெயில் அனுப்பும்படி போன வருஷம் தலைவரே ஏற்பாடு செய்துவிட்டு மறந்துபோன லேப்டாப் அது. 'பயனாளர் ஒன்று' என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.