உள்ளங்கையில் குத்து, இடுப்பில் கை

"தடுத்த பையன் நின்னானா, நகர்ந்தானா? அவர்கிட்ட கேளுங்க!" என்றார் பெண் நடுவர், நடுவர் அறைச் சுவரைப் பார்த்தபடி.

ஸ்கோரர் திரும்பினார். இரண்டடி தள்ளி ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்த மீசைக்கார நடுவரிடம், "சார், நின்னானா நகர்ந்தானான்னு மேடம் கேக்குறாங்க" என்றார்.

"நின்னான். நட்டுவெச்ச கம்பம் மாதிரி நின்னான்னு சொல்லுங்க."

"மேடம், நட்டுவெச்ச..."

"எனக்குக் காது கேக்குது."

ஸ்கோரர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதத்தான் கூப்பிட்டார்கள். தூதும் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்பே இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது. மைதானத்தில் யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று நடுவர்கள் இருவரும் பேசிக்கொள்வது வழக்கம். இவர்கள் பேசிக்கொள்ளவில்லை. 'இந்தப் பக்கம் என்னுதுன்னு சொல்லுங்க', 'சரின்னு சொல்லுங்க'. அவ்வளவுதான் ஆலோசனை.

வினை கடைசி நிமிடத்தில் வந்தது. பந்தோடு பாய்ந்தவனும் தடுக்க வந்தவனும் கூடைக்கு அடியில் மோதி உருண்டார்கள். இரண்டு விசிலும் ஒன்றாக ஒலித்தன. அப்படி ஒலித்தால், இருவரும் கையை மட்டும் உயர்த்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அப்புறம் யாராவது ஒருவர் தீர்ப்பைக் காட்ட வேண்டும். இவர்கள் முகம் பார்க்கவில்லை. மீசை உள்ளங்கையில் ஓங்கிக் குத்திக் காட்டினார்: பாய்ந்தவன்மேல் தப்பு, சார்ஜ். மேடம் இடுப்பில் கைவைத்துக் காட்டினார்: தடுத்தவன்மேல் தப்பு, பிளாக்.

இருவர்மேலும் தப்பு என்று எழுதி, எப்படியோ ஆட்டத்தை முடித்தார்கள். ஜென்மப் பகையாளிகளான இரண்டு அணி ரசிகர்களும் ஒற்றுமையாக நின்று திட்டியது அன்றைக்குத்தான்.

இப்போது சங்கச் செயலாளர் பக்கத்து அறையில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். போகும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் சாம்பியன்ஷிப்புக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் அனுப்புவேன். யார் தீர்ப்பு தப்போ, அவங்க வீட்ல உக்காந்து டிவியில பாக்கட்டும்."

"அவன் ரெண்டு காலையும் ஊனித்தான் நின்னான்னு சொல்லுங்க" என்றார் மீசை.

"எப்ப ஊனினான்? இவன் எகிறினதுக்கு அப்புறமான்னு கேளுங்க."

"முன்னாடியேன்னு..."

"முன்னாடியா?" மேடம் சட்டென்று சுவரை விட்டுத் திரும்பினார். "ஏன், உங்களுக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு? குதிகால் நகர்ந்துச்சு! கூடையையே ஆன்னு பாத்துட்டிருந்தா கால் எப்படித் தெரியும்?"

மீசை லேஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். சரியான அடி என்று ஸ்கோரர் நினைத்துக்கொண்டார்.

"நகரவே இல்லையே" என்றார் மீசை மெதுவாக.

"நகர்ந்தான்! இந்தாங்க, இவர்தான் தடுக்கிறவர்." மேடம் ஸ்கோரரின் தோளைப் பிடித்து அறை நடுவில் நிறுத்தினார். "நீங்க பந்தோட வாங்க."

மீசை பந்தில்லாமல் பந்தோடு வந்தார். இடித்தார்.

"பாரு, நிக்கிறாரு. சார்ஜ்."

"இவர் பயத்துல நிக்கிறாரு! அவன் இப்படியா நின்னான்? மறுபடியும் வாங்க!"

மறுபடியும் வந்தார். அதற்கும் மறுபடியும் வந்தார். ஒவ்வொரு முறையும் வேகம் கூடிக்கொண்டே போனது.

"மேடம், நான் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்றார் ஸ்கோரர். அவரை யாரும் ஆளாகவே மதிக்கவில்லை.

கதவு திறந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"குதிகால் நகர்ந்திருக்கு. பிளாக்தான். மேடம், சாம்பியன்ஷிப்புக்குப் பெட்டியைக் கட்டுங்க. சார், உங்களுக்கு டிவிதான்."

மேடம் பையை எடுத்து, மீசையைப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டு வெளியே போனார்.

மீசை பெஞ்சில் சாய்ந்து நீளமாகப் பெருமூச்சு விட்டார். தோற்றவன் விடுகிற மூச்சாக அது தெரியவில்லை. கூரையைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

"என்ன சார், சான்ஸே போயிடுச்சு, சிரிக்கிறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அலறியது. கூடவே மேடத்தின் குரல்: "ஏங்க, வர்றீங்களா இல்லையா? வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு!"

ஸ்கோரர் ஜன்னலையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு மாசமா வீட்ல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொண்ணுதான் சார் தூது. 'அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு'ன்னு அலைஞ்சே அவ இளைச்சுட்டா." மீசை ஒற்றை ஷூவோடு வாசலுக்கு ஓடினார். "இன்னைக்குத்தான் அவங்கம்மா என்னை நேரா திட்டியிருக்கா!"