பிரேக் போட்டவன்

பிரேக் போட்டவன்தான் முதல் ஓட்டத்தில் வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது மரியசூசையின் பட்டறை வழக்கம். வசுமதியின் பழைய பியட் காரில் பின்சக்கர டிரம் பிரேக்குகளைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டவன் அவன்தான். மலைச்சாலைச் சரிவின் நடுவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தைரியமா வாங்க மேடம்!"

வேகமாக இறங்கி வந்த வண்டி அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. வசுமதி சிரித்தபடி கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை அணைத்தாள். பழக்கத்தில் கைபிரேக்கை இழுத்துவிட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து இறங்கினாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கைபிரேக் கேபிள் பழைய டிரம்மோடு பட்டறையில் கிடந்தது. புது டிஸ்க்கில் அதை மாட்ட இடமே இல்லை. அதை அவளிடம் சொல்ல மறந்திருந்தான்.

வண்டி அசைந்தது. இரண்டு கைகளையும் பானட்டில் ஊன்றினான். செருப்பு தார்மேல் வழுக்கியது. "ஏறி பிரேக்கை மிதிங்க" என்று கத்த வேண்டும். மூச்சு முழுவதும் கைகளில் இருந்தது.

"அட, வண்டியைக் கட்டியே பிடிச்சுக்கிட்டீங்களே! அப்படியே நில்லுங்கண்ணே, ஒரு போட்டோ."

வண்டி முழுவதும் படத்துக்குள் வர வேண்டுமென்று, போனை உயர்த்தியபடி அவள் இன்னும் பின்னால் நகர்ந்தாள்.