ஆபரேஷனுக்கு வராதவள்

கூடவே இருக்கிறேன் என்று சொன்ன பவுலின், ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லம்மாவுக்கு அதுதான் ஆறவில்லை.

மார்பில் கட்டி, கேன்சர் என்று தெரிந்ததும் ஈஜிபுராவில் அவள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். கத்தி படாதவரைக்கும் அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்குமாம். கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவிவிடுமாம். புருஷன் ரவிகூட மந்திரிக்கப் போகலாம் என்று இழுத்தான்.

எதிர்வீட்டு பவுலின்தான் அதட்டினாள்.

"எனக்கும் இதே கட்டிதான். போன வருஷம் அறுத்து எடுத்தாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்? சும்மா விட்டாத்தான்டி பரவும். நீ தைரியமா போய்ப் படு. நான் வெளியில உக்காந்திருக்கேன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் எல்லம்மா போய்ப் படுத்தாள்.

கட்டியை எடுத்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லை, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். வீடு திரும்பினால் பவுலின் வீட்டில் பூட்டு. அத்திபெலேயில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஏத்திவிட்டுட்டு நைசா கழண்டுக்கிட்டா பாரு என்று பக்கத்துவீட்டு சீதாலட்சுமி குத்திக்காட்ட, எல்லம்மாவும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

தையல் பிரித்த கையோடு, நேரிலேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று அத்திபெலே பஸ் ஏறினாள்.

பவுலின் கட்டிலில் கிடந்தாள். எழுந்து உட்காரவே தங்கச்சி முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உனக்கு வேற எங்கேயும் பரவலையே?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினாள் எல்லம்மா. கட்டிலோரமாக உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னக்கா ஆச்சு?"

"இடுப்பெலும்புக்குப் போயிடுச்சு. கட்டின்னு தெரிஞ்சும் ஒரு வருஷம் பயந்து மூடி வெச்சிருந்தேன் பாரு, அப்பவே அங்க இறங்கிடுச்சாம். நான் அறுத்துக்கப் போனதே அதுக்கப்புறந்தான்."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? இது தெரியாம காம்பவுண்டே கேக்கிற மாதிரி உன்னைத் திட்டினேனே."

பவுலின் சிரித்தாள்.

"திட்டிக்கோன்னுதான் விட்டேன். நான் நொண்டிக்கிட்டே அங்க வந்து நின்னிருந்தா, கத்தி வெச்சதாலதான் இவளுக்கு எலும்பு வரைக்கும் போச்சுன்னு நீ எழுந்து ஓடியிருப்பியே!"