சின்னவனுக்குக் கோட்டு

சுவிஸ் நகரமான லோசானில் ஒரு சீன உணவகத்தின் பின்கட்டில் மூன்று பேர்: ஜன்னலோரம் சமையல்காரர் லீ, அடுப்போரம் சச்சிதானந்தன், நடுவில் சிவலிங்கம். நாலாவது நாற்காலி, போன மாதம் காய்ச்சலில் இறந்த சிவலிங்கத்தின் தம்பியுடையது. அதில் யாரும் உட்காருவதில்லை. சுவரில் தொங்கும் படத்திலுள்ள சீன மகாராணியின் முகத்தில் மட்டும் மங்கிய வெயில் விழுகிறது. பேரரசனான மூத்த மகன் கொடுத்த பட்டத்தை அவள் வாங்கவில்லை, சாகும்வரை இளையவனையே கேட்டாள் என்கிறார் லீ. சிவலிங்கத்தின் முன்னால் ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதம் கிடக்கிறது: ‘சின்னவன் குளிர் தாங்கமாட்டான். உன்ர கோட்டைக் குடு.’ “அண்ணை, இப்பவாவது உள்ளதை எழுதுங்கோ,” என்கிறான் சச்சிதானந்தன். “எழுதினால், நீ மட்டும் ஏன் உயிரோட இருக்கிறாய் எண்டு கேப்பா,” என்கிறான் சிவலிங்கம். தம்பியைப் பெட்டியில் வைத்தபோது தன் கோட்டைத்தான் அவனுக்குப் போட்டுவிட்டான் சிவலிங்கம். பேனா மெல்ல நகர்கிறது: ‘குடுத்துப்போட்டன் அம்மா. இனி அவனுக்குக் குளிராது.’ உறையை நாவால் நனைத்து ஒட்டுகிறான். கோட்டில்லாமல் பனிக்குள் இறங்கிப்போய்த் தபால்பெட்டியில் போடுகிறான்.